சூளைக்குள் கண் போகாது, ஈரம் போகும்

ஐப்பசி பிறந்தால் போதும், விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டைப் பக்கம் அதே பேச்சு: "அவங்க சூளையில பாதி வெடிச்சுப் போச்சாம். ஆர்டர் குவிஞ்சதைப் பார்த்து யாரோ கண்ணு வெச்சுட்டாங்க." பீங்கான் தொழில்நுட்பம் கற்றுத்தர அரசு நிறுவனமே இருக்கும் ஊர் இது. கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

நம்பிக்கை: திருஷ்டி பட்டால் சூளையில் சரக்கு வெடிக்கும்.

உண்மை: ஈரம் இருந்தால் வெடிக்கும். தொட்டால் காய்ந்ததாகத் தெரியும் அகல்விளக்குக்குள்ளும் தண்ணீர் இருக்கும். 100 டிகிரியில் அது ஆவியாகி 1,600 மடங்குக்கு மேல் விரியப் பார்க்கும். நுண்துளை வழியே வெளியேற அவகாசம் கொடுக்காமல் தீயைக் கூட்டினால், சிதறாமல் என்ன செய்யும்? கார்த்திகை தீபத்துக்கு வேலை குவியும் நாட்களில்தான் வடகிழக்குப் பருவமழையும் கொட்டுகிறது. காய வெயில் இல்லை, காத்திருக்க நேரமும் இல்லை. ஆர்டரும் வெடிப்பும் ஏன் சேர்ந்தே வருகின்றன என்று இப்போதாவது புரிகிறதா? பக்கத்துப் பட்டறைக்காரரை விட்டுவிட்டு வானத்தைப் பாருங்கள்.

"திருஷ்டின்னு ஒரே வார்த்தையில முடியுதே, அதுதானே எளிமை?" என்று ஒருவர் மடக்கினார். வார்த்தை குறைவது எளிமை ஆகாது. ஆதாரமில்லாமல் ஒப்புக்கொள்ள வேண்டியவை குறைய வேண்டும். கண்ணிலிருந்து ஒரு சக்தி கிளம்ப வேண்டும், செங்கல் சுவரைத் துளைக்க வேண்டும், உள்ளே மெல்லிய சரக்கை விட்டுவிட்டுத் தடித்ததாகப் பார்த்து உடைக்க வேண்டும். எத்தனை கற்பனை! ஈரத்துக்கு இதில் ஒன்றுகூடத் தேவையில்லை. 14ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஒக்காம் வில்லியம் வற்புறுத்தியதும், நம் நியாய தரிசனக்காரர்கள் லாகவம் என்று போற்றியதும் இதைத்தான்.

அதற்காக எல்லா விரிசலுக்கும் ஈரத்தைக் கைகாட்டுவதும் சோம்பேறித்தனம். விரிசலின் ஓரத்தைப் பாருங்கள். கிளேஸ் உருகி ஓரம் மழுங்கியிருந்தால், சூடேறும்போதே விட்ட விரிசல். கையைக் கிழிக்கும் கூர்மை இருந்தால் ஆறும்போது விட்டது. ஆறும் சூளையில் 573 டிகிரி வாக்கில் குவார்ட்ஸ் சட்டென்று சுருங்கும். அந்த நேரத்தில் அவசரப்பட்டுக் கதவைத் திறந்தது யார் என்று விசாரியுங்கள்.

நம்பிக்கை: வீட்டில் இருக்கும் சுடுமண் பொம்மையில் தானாகச் சில்லு தெறித்தால் குடும்பத்துக்கு ஆகாது.

உண்மை: சலிக்காமல் விட்ட சுண்ணாம்புக்கல் சூளையில் வெந்து, பிறகு காற்றின் ஈரத்தைக் குடித்துப் பருத்து, மேல்மண்ணைத் தள்ளுகிறது. பள்ளத்தில் வெள்ளைப் புள்ளி தெரியும். சல்லடையை மாற்றுங்கள், ஜோசியரை அல்ல.

நம்பிக்கை: 1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் பால் குடித்தார்.

உண்மை: பரப்பு இழுவிசை கரண்டியிலிருந்து பாலை இழுத்தது, அது மெல்லிய படலமாகச் சிலைமேல் வழிந்தது. பாலில் சாயம் கலந்து விஞ்ஞானிகள் காட்டிவிட்டார்கள். மெருகிடாத சுடுமண் சிலையென்றால் உறிஞ்சவும் செய்யும்.

கடைசியாக, நான் ஓயாமல் சொல்வது: சூளைக்கு ஒரு நோட்டு போடுங்கள். சரக்கு எத்தனை நாள் காய்ந்தது, மணிக்கு எத்தனை டிகிரி ஏற்றினோம், எப்போது கதவைத் திறந்தோம், எந்த அடுக்கில் எவ்வளவு உடைந்தது என்று எழுதுங்கள். கடன் கணக்குக்கு நோட்டு வைத்திருப்பவர்கள் தீக்கணக்குக்கு வைக்க மாட்டார்களாம்! எழுதிவைக்காத இடத்தில்தான் திருஷ்டி நுழைகிறது. பூசணிக்காய் உடைப்பதானால் உடைத்துக்கொள்ளுங்கள். சரக்கை நன்றாகக் காயவைத்துவிட்டு உடையுங்கள்.