தீரர் சத்தியமூர்த்தி: வழக்குமன்றமும் சட்டமன்றமும்

சென்னையிலுள்ள சத்தியமூர்த்தி பவனைக் கட்சி அலுவலகமாக நம் மாணவர்கள் அறிவர். சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி நீர்த்தேக்கத்திற்குச் சத்தியமூர்த்தி சாகரம் என்று பெயர் இருப்பதைச் சிலர் அறிவர். ஆனால் அப்பெயருக்குரியவர் நம் புதுக்கோட்டை மாவட்டத்துத் திருமயத்தில் பிறந்தவர் என்று வகுப்பில் கூறும்போதெல்லாம் வியப்பொலியே எழக் காண்கிறோம். அவ்வியப்பே இக்கட்டுரைக்குக் காரணம்.

1887ஆம் ஆண்டு ஆகஸ்டு 19ஆம் நாள் அவர் பிறந்தார். திருமயம் கோயிலில் எழுந்தருளியுள்ள பெருமாளின் திருப்பெயரும் சத்தியமூர்த்தியே. தந்தையார் சுந்தர சாஸ்திரியார் அவ்வூரில் வழக்கறிஞராக விளங்கியவர். புதுக்கோட்டை மன்னர் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்ற மைந்தர், சட்டக் கல்வியும் முடித்துத் தந்தையின் தொழிலையே மேற்கொண்டார். எனினும் கட்சிக்காரர்களின் கட்டுகளை விட நாட்டின் வழக்கே அவரை ஈர்த்தது. 1919இல் காங்கிரசுத் தூதுக்குழுவில் ஒருவராக இலண்டன் சென்றார். 1923இல் சுயராச்சியக் கட்சியின் சார்பில் சென்னைச் சட்டமன்ற மேலவைக்குள் நுழைந்தார். அக்காலத்தில் அதுவே மாகாணத்தின் ஒரே சட்டமன்றம். ‘மேலவை’ என்ற சொல் இக்கால மாணவரை மயக்கக் கூடுமாதலின் இதனைக் கூறினோம்.

அவையில் அவர் ஆற்றிய பணிகளுள் தமிழ் மாணவர் மறக்கலாகாதது ஒன்றுண்டு. பாரதியார் மறைந்து ஏழாண்டுகள் கழிந்த பின், 1928இல், அவருடைய பாடல் நூல்களைப் பர்மா அரசு பறிமுதலுக்குரியனவென அறிவித்தது. பர்மா அன்று இந்தியாவின் ஒரு மாகாணம். குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி ஒரு மாகாணம் இவ்வாறு அறிவித்தால், பிரிட்டிஷ் இந்தியாவில் எங்கிருப்பினும் அந்நூலைக் காவலர் கைப்பற்றலாம். எங்கோ இரங்கூனில் எழுதிய ஆணை திருவல்லிக்கேணிப் புத்தக அலமாரியைத் திறக்கும் திறவுகோலாயிற்று. சென்னை அரசும் அதனைப் பின்பற்றிப் படிகளைக் கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபரில் சத்தியமூர்த்தி ஒத்திவைப்புத் தீர்மானம் கொணர்ந்தார். அவசரமான பொதுப் பிரச்சினைக்காக அவையின் ஏனைய அலுவல்களை நிறுத்தி வைக்கும் வழிமுறை அது. வெளியே தடைப்பட்ட கவிஞனின் பெருமையை, எவரும் கைவைக்க இயலாத அவைக்குள் நின்று அவர் முழங்கினார். தீர்மானம் நிறைவேறியது. பாடலைச் சுவைப்போர் நாட்டில் பலர் இருந்தனர். அதனைக் காக்கும் சட்டக் கதவு எங்குள்ளதென அறிந்த ஒருவர் தேவைப்பட்டார். அவர் நம் மாவட்டத்தினர் என்பதில் நாம் பெருமை கொள்கிறோம். சென்னை அரசே 1949இல் பாரதி பாடல்களின் உரிமையை விலைகொடுத்து வாங்கியது என்பதையும் ஈண்டு நினைவுகூரலாம்.

பெருமையை மட்டும் எழுதிச் செல்லுதல் ஆய்வாகாது. அதே அவையில், அதே ஆண்டுகளில், புதுக்கோட்டையில் பிறந்த மற்றொருவரும் அமர்ந்திருந்தார். மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி 1886இல் பிறந்தவர், மன்னர் கல்லூரியில் பயின்றவர், அவையின் துணைத்தலைவர். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க அவர் 1927இல் தீர்மானம் கொணர்ந்தார். அதனைத் தொடர்ந்த முயற்சிகளை எதிர்த்தவர்களுள் சத்தியமூர்த்தியும் ஒருவர். இவ்விருவரிடையே நடந்ததாக மேடைகளில் சொல்லப்படும் சூடான உரையாடலை நாம் எடுத்தாளவில்லை. சுவைக்காகச் சொல்லப்படுவன எல்லாம் சான்றாகிவிடா. ஆயினும் எதிர்ப்பு உண்மை. கலையும் மரபும் அழியுமே என்று அஞ்சிய நாவலர், அம்மரபின் சுமையைத் தாங்கிய சிறுமியரின் பக்கம் நிற்கத் தவறினார் என்றே நாம் கருதுகிறோம். கவிஞனின் உரிமைக்கு வாதாடிய நா இங்குப் பிழைபட்டது. 1929இல் முத்துலட்சுமி அம்மையாரின் திருத்தச் சட்டம் நிறைவேறியது. பொட்டுக்கட்டுதலை முற்றாகத் தடுக்கும் சட்டம் 1947இல் வந்தது.

1930இல் திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயிலின் மீது தேசியக் கொடியேற்ற முயன்று சிறை புகுந்தார். 1934இல் ஆர்க்காடு இராமசாமி முதலியாரை வென்று மத்தியச் சட்டமன்றம் சென்றார். அங்கு அவர் புகழ் வினா நேரத்தால் வளர்ந்தது. எழுதிக் கொடுத்த வினாவுக்கு அரசு உறுப்பினர் எழுதி வைத்த விடையைப் படித்துவிட்டு அமர்ந்துவிடலாம். அதன்பின் அடுக்கடுக்காக எழும் துணைவினாக்களுக்கோ எழுதி வைத்த விடை உதவாது. சாட்சியைக் கூண்டில் நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்யும் வழக்கறிஞனின் கலை இது. நீதிமன்றத்தில் அவர் ஈட்டாத பொருளெல்லாம் இங்கே புகழாக வந்து சேர்ந்தது எனலாம்.

1936இல் தமிழ்நாடு காங்கிரசுத் தலைவரானபோது காமராசரைச் செயலாளராக்கிக் கொண்டார். 1940இல் காமராசர் தலைவராக, இவர் செயலாளரானார். இப்பெருந்தன்மை அன்றும் அரிது. 1939இல் சென்னை மேயராகிப் பூண்டித் திட்டத்திற்கு வழிகோலினார். 1942இல் சிறைப்பட்டு, சிறைவழிப் பயணத்தில் முதுகெலும்பு பழுதுற்று, 1943 மார்ச்சு 28ஆம் நாள் சென்னைப் பொது மருத்துவமனையில் மறைந்தார். நீர்த்தேக்கம் நிறைவுற்றது 1944இல்.

அவர் வாழ்ந்த காலம் முழுதும் திருமயம் சமஸ்தானத்து ஊராகவே இருந்தது. சென்னைச் சட்டமன்றத்தில் அதற்குப் பிரதிநிதி இல்லை. 1948 மார்ச்சு 3இல் புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்த பின்னரே, அவர் முழங்கிய மன்றத்தில் அவருடைய ஊர் மக்களுக்கும் இடம் கிடைத்தது.