நேர்காணல் நடத்துவோர் கவனத்திற்கு
பணியில் அமர்பவர் செய்ய வேண்டிய வேலைகளை முன்கூட்டியே எழுதிவைத்து, அவற்றிலிருந்தே வினாக்களை உருவாக்கி, எல்லா விண்ணப்பதாரரிடமும் அவற்றை ஒரே வரிசையில் கேட்பது 'கட்டமைக்கப்பட்ட நேர்காணல்' எனப்படும். மனம்போன போக்கில் நடக்கும் உரையாடலைவிட இது பணித்திறனைச் சரியாகக் கணிப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் 1920-இல் விளக்கிய 'ஒளிவட்ட விளைவு', அதாவது ஒருவரின் தோற்றமோ சரளமான பேச்சோ அவருடைய பிற தகுதிகளையும் உயர்த்திக் காட்டும் மயக்கம், அனுபவமிக்கவரையும் விட்டுவைப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு விடைக்கும் அப்போதே, முன்னரே வரையறுத்த அளவுகோலின்படி தனித்தனியே மதிப்பெண் இட்ட பிறகே குழுவினர் தம்முள் கலந்து பேச வேண்டும். மூத்தவர் முதலில் வாய் திறந்தால் மற்றவர்களின் மதிப்பீடும் அவர் பக்கம் சாய்ந்துவிடும். வினாக்கள் வேலையிலிருந்தே பிறக்க வேண்டும் என்பதால், திருமணம், மகப்பேறு பற்றிய வினாக்களுக்கு நேர்காணலில் இடமே இல்லை.