இழந்த காலும் மீண்ட நடையும்



காலையில் மணியடித்ததும் ஓடிவந்து வரிசையில் நிற்கிறோம். கோயிலில் முழந்தாளிடுகிறோம். வீட்டில் சம்மணமிட்டு உண்கிறோம். வாசலில் குந்திக் கோலமிடுகிறோம். இவற்றுக்கெல்லாம் கால் வேண்டும் என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதே இல்லை. விபத்தாலோ ஆறாத சர்க்கரைப் புண்ணாலோ காலை இழந்தவர் மீண்டும் இவற்றைச் செய்ய இயலுமா? இயலும். எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

செயற்கைக் காலின் அமைப்பு

முழங்காலுக்குக் கீழே கால் அகற்றப்பட்டவருக்குரிய செயற்கைக் காலில் மூன்று பகுதிகள் உண்டு. எஞ்சிய காலைத் தாங்கும் கிண்ணம் போன்ற உறை ஒன்று, அதன் கீழே தண்டு ஒன்று, பாதம் ஒன்று. முழங்காலுக்கு மேலே அகற்றப்பட்டிருந்தால், மடங்கும் மூட்டு ஒன்றும் சேரும். சொந்த மூட்டை இழந்தவருக்கு நடக்க மிகுந்த சக்தி செலவாகும். ஆகவேதான் மருத்துவர்கள் இயன்றவரை முழங்காலைக் காப்பாற்ற முயல்கின்றனர்.

உறையை அவரவர் காலில் அச்செடுத்தே செய்ய வேண்டும். பிறர் செருப்பே நம் காலைக் கடிக்கிறதல்லவா? வளரும் பிள்ளைகளுக்கோ, அவர்கள் வளர வளரக் காலையும் மாற்றியாக வேண்டும்.

ஜெய்ப்பூர் கால்

மேனாட்டு முறையில் செய்த பாதங்கள் முன்னர் நம் நாட்டிலும் பொருத்தப்பட்டன. அவற்றின் கணுக்கால் வளையாது. மேலே காலணி அணிந்தே தீரவேண்டும். சேற்று வயலில் இறங்கும் உழவருக்கும், தரையில் அமர்ந்து சமைக்கும் பெண்ணுக்கும் அவை உதவவில்லை. பலர் அவற்றைக் கழற்றி வைத்துவிட்டு மீண்டும் கவைக்கோலையே நாடினர்.

இக்குறையை 1968ஆம் ஆண்டில் தீர்த்தவர்கள் ஜெய்ப்பூரைச் சேர்ந்த இருவர். ஒருவர் அதிகம் படிக்காத கைவினைஞரான ராம் சந்திர சர்மா. மற்றவர் எலும்பு மருத்துவர் பி. கே. சேத்தி. லாரிச் சக்கரத்துக்கு ரப்பர் ஒட்டுவதைக் கண்டபோதுதான் சர்மாவுக்கு இவ்வெண்ணம் உதித்தது என்று சொல்லப்படுகிறது. உள்ளே மரமும் மெத்தென்ற ரப்பரும் வைத்து, மேலே உறுதியான ரப்பரைச் சுற்றி, அச்சிலிட்டுச் சூடாக்கினார்கள். விரல்களோடு கூடிய அப்பாதம் எப்பக்கமும் வளைந்தது, நீரில் கெடவில்லை, காலணியும் கேட்கவில்லை. சேத்திக்கு 1981இல் மகசேசே விருது கிடைத்தது. 1975இல் ஜெய்ப்பூரில் தொடங்கிய பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி இக்காலை இலவசமாகவே பொருத்தி வருகிறது.

இன்று கார்பன் இழையாலான பாதங்களும், நடையின் வேகமறிந்து தானே மடங்கும் மின்னணு மூட்டுகளும் உள்ளன. ஓட்டக்காரருக்குக் கார்பன் பாதங்கள் பெருந்துணை. ஆயினும், விலையுயர்ந்த காலே சிறந்த கால் என்று எண்ணலாகாது. அணிபவரின் அன்றாட வாழ்வுக்கு எது பொருந்துகிறதோ, அதுவே சிறந்த கால்.

நடை பயிலுதல்

கால் கிடைத்தால் மட்டும் நடை வந்துவிடாது. முதலில் புண் ஆற வேண்டும். வீக்கம் வடியக் கட்டுத்துணி சுற்ற வேண்டும். முழங்காலின் கீழ்த் தலையணை வைத்துப் படுத்தால் சுகமாயிருக்கும். ஆனால் மூட்டு மடங்கியபடியே இறுகிவிடும்! இல்லாத விரல்கள் அரிப்பதும் வலிப்பதும் உண்டு. இது பொய்யன்று, நரம்பும் மூளையும் அக்காலை இன்னும் மறக்கவில்லை என்பதே காரணம்.

பிறகு இரு கம்பிகளுக்கு நடுவே நின்று, புதிய காலின்மேல் சிறிது சிறிதாகப் பாரத்தை ஏற்றப் பழக வேண்டும். விழுந்தால் எழவும் கற்க வேண்டும். படியேறும்போது நல்ல கால் முன்னே. இறங்கும்போது செயற்கைக் கால் முன்னே. இரவில் கண்ணாடி வைத்துத் தோலைப் பார்க்க வேண்டும். சிவப்பு மறையாவிட்டால் உறையைச் சரிசெய்ய வேண்டும்.

இம்முயற்சிக்கு நல்ல சான்று நடனமணி சுதா சந்திரன். 1981இல் திருச்சிராப்பள்ளி அருகே நேர்ந்த பேருந்து விபத்தால் பதின்பருவத்திலேயே வலக்காலை இழந்தார். ஜெய்ப்பூர் கால் அணிந்து, வலியோடு அடவுகளைப் புதிதாகப் பயின்று, 1984இல் மும்பையில் மேடையேறினார். அடுத்த ஆண்டு வெளிவந்த ‘மயூரி’ என்னும் தெலுங்குப் படத்தில் தம் கதையில் தாமே நடித்தார்.

நம் கடமை

நம் வீட்டில் சர்க்கரை நோயாளர் இருந்தால், நாள்தோறும் அவர் பாதங்களைப் பார்ப்போம். வலிக்காத சிறு புண்ணும் காலைப் பறித்துவிடக் கூடும். கால் இழந்தவரைக் கண்டால் உற்று நோக்க வேண்டாம். “ஐயோ பாவம்” என்னவும் வேண்டாம். உதவி வேண்டுமா என்று கேட்டு, வேண்டுமென்றால் மட்டும் செய்வோம்.

எருசலேம் ஆலயத்தின் அழகு வாயிலில் கால் ஊனமுற்ற ஒருவர் பிச்சை கேட்டார். பேதுருவிடம் பொன்னுமில்லை, வெள்ளியுமில்லை. ஆனால் இயேசுவின் பெயரால் அவரது வலக்கையைப் பற்றி எழுப்பிவிட்டார். காசை எறிந்துவிட்டுக் கடந்து போவது எளிது. கைகொடுத்து எழுப்பி, உடன் நடக்க நாம் கற்போமாக!