மூளையின் வாயிற்காவல்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக் கூரைகளிலும் ஆவடி வீட்டு மாடிகளிலும் புறாக்கள் கூட்டமாக அமர்வதைப் பார்த்திருப்பீர்கள். புறா எச்சம் கலந்த மண்ணில் கிரிப்டோகாக்கஸ் என்னும் பூஞ்சை வளர்வதுண்டு. அது தூசியோடு நம் நுரையீரலுக்குள் செல்லக்கூடும். எதிர்ப்பாற்றல் உள்ள உடல் பெரும்பாலும் அதை அடக்கிவிடும். எச்.ஐ.வி. தொற்றால் எதிர்ப்பாற்றல் குன்றியவரிடமோ அது குருதி வழியே மூளை உறைகளை அடைந்து அழற்சியை உண்டாக்கும். மருத்துவம் செய்யாவிடில் உயிர் பிழைப்பது அரிது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் 1986இல் சென்னையில்தான் கண்டறியப்பட்டது. பின்னர் தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை அந்நோயாளிகளுக்கான பெரிய சிகிச்சை நிலையமாயிற்று.

மருந்தைக் குருதியில் செலுத்தினால் போதாதா? போதாது.

சாயம் சொன்ன செய்தி

1885இல் பால் எர்லிக் என்ற ஜெர்மானிய அறிஞர் விலங்குகளின் குருதியில் சாயத்தைச் செலுத்தினார். உறுப்புகள் எல்லாம் நிறமேறின. மூளை மட்டும் வெளுத்தே இருந்தது. 1913இல் அவருடைய மாணவர் கோல்ட்மன் சாயத்தை மூளையைச் சூழ்ந்த நீரிலேயே செலுத்தினார். இம்முறை மூளை நிறமேறியது. மற்ற உறுப்புகள் ஏறவில்லை. எனவே இரண்டுக்கும் இடையே ஒரு தடுப்பு இருக்கிறது என்பது தெளிவு. மூளையின் நுண்குழாய்ச் சுவரிலுள்ள செல்கள் இடைவெளியின்றி இறுகப் பிணைந்திருப்பதே அத்தடுப்பு.

எது நுழையும்?

மூலக்கூறு சிறியதாகவும், குருதிப் புரதங்களோடு ஒட்டாததாகவும் இருந்தால் நுழைவது எளிது. ஃபுளூகோனசோல் மருந்தின் மூலக்கூறு எடை 306. அதில் பத்தில் ஒரு பங்கு அளவே புரதத்தோடு ஒட்டுகிறது. ஆகவே குருதியில் உள்ள செறிவில் ஏறத்தாழ 70 முதல் 80 விழுக்காடு தண்டுவட நீரிலும் காணப்படுகிறது. ஆம்போடெரிசின்-பி மருந்தின் மூலக்கூறு எடை 924. பெரும்பகுதி புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. தண்டுவட நீரில் அது 4 விழுக்காட்டுக்கும் குறைவு. சில வேளைகளில் அளக்கவே முடிவதில்லை.

அப்படியானால் முதல் மருந்தே சிறந்தது என்பீர்கள். இங்கேதான் வியப்பு! பூஞ்சையை விரைந்து கொல்வது ஆம்போடெரிசினே. ஃபுளூகோனசோல் பெரும்பாலும் அதன் வளர்ச்சியைத் தடுக்க மட்டுமே செய்கிறது. ஆம்போடெரிசின் கொழுப்புத்தன்மை கொண்ட சவ்வுகளை நாடிச் செல்வது. பூஞ்சையின் சவ்விலுள்ள எர்கோஸ்டீராலைப் பற்றிக்கொண்டு அதைச் சிதைக்கிறது. மூளை உறைகளிலும் திசுக்களிலும் தங்கிவிடும் மருந்து நீரில் மிதந்து அளவுகோலுக்கு அகப்படுவதில்லை என்பது அறிஞர் தரும் விளக்கம். நீரில் உள்ள செறிவு ஒன்றையே பார்த்து மருந்தை எடைபோட்டிருந்தால், உயிர்காக்கும் மருந்து ஒதுக்கப்பட்டிருக்கும் அல்லவா?

2022இல் உலக நலவாழ்வு நிறுவனம் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குப் பரிந்துரைத்த முறை, கொழுப்புத் துளிகளில் பொதிந்த ஆம்போடெரிசினை ஒரே வேளை உயர்ந்த அளவில் செலுத்தி, ஃபுளூசைட்டோசின், ஃபுளூகோனசோல் இரண்டையும் 14 நாட்கள் தருவதாகும். கொல்வதும் ஊடுருவுவதும் கைகோக்கின்றன.

நீங்களே கணக்கிடுங்கள்

வளர்ந்தவரின் மூளைத் தண்டுவட நீர் சுமார் 150 மில்லிலிட்டர். குருதியில் ஃபுளூகோனசோல் மில்லிலிட்டருக்கு 20 மைக்ரோகிராம் எனவும், நீரில் அதன் 75 விழுக்காடு எனவும் கொண்டால், நீரில் உள்ள மருந்து மொத்தம் எவ்வளவு?

(விடை: 2.25 மில்லிகிராம். நோயாளி ஒரு நாளில் விழுங்குவதோ பல நூறு மில்லிகிராம்!)