பட்டறைக்குப் போய்வந்த மாணவன்

கிழக்கேகோட்டைப் பகுதியில் உள்ள நம் தமிழ்க் குடும்பங்களில் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் உண்டு. தொழிற்பயிற்சி என்றால் சான்றிதழ் வாங்கும் சடங்கு என்றே வீட்டில் பலர் நினைக்கிறோம்.

ரயில் சக்கரத்தைப் பாருங்கள். அது பொருந்தும் இடத்தில் அச்சின் விட்டம், சக்கரத்தின் துளையைவிடச் சற்றே பெரியது. பெரியதைச் சிறியதற்குள் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் அழுத்திச் செருகுவார்கள். போல்ட் கிடையாது, வெல்டிங் கிடையாது. இறுக்கம் ஒன்றுதான் பிடிப்பு. செருகும்போது அழுத்தம் வரைகோடாகப் பதிவாகும். அது குறைந்தால் அந்த இணைப்பை ஏற்கமாட்டார்கள். இதைக் கண்ணால் பார்த்த மாணவன் வகுப்புக்குத் திரும்பியதும், முன்பு மனப்பாடம் செய்த 'லிமிட்ஸ் அண்ட் ஃபிட்ஸ்' அட்டவணையைக் காட்டி, "இந்த எண் ஏன் இவ்வளவு?" என்று ஆசிரியரைக் கேட்பான்.

கேட்பதற்கு வகுப்பு மீதமிருக்க வேண்டும். அதனால்தான் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் 1906-இல் படிப்பையும் வேலையையும் மாறிமாறி வைத்தார். கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் 'சாண்ட்விச்' பி.இ. படிப்பும் இவ்வகைதான், ஐந்தாண்டு. கூடுதலான ஓராண்டை நஷ்டம் என்று பெற்றோர் கணக்கிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. கடைசிப் பருவத்தில் மட்டும் பயிற்சிக்கு அனுப்பினால் பலன் பாதிதான்.

பயிற்சி முடித்து வரும் பிள்ளையிடம் சான்றிதழோடு, தினமும் எழுதிய குறிப்பேட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.