தறியிலிருந்து உலகச் சந்தைக்கு

காஞ்சிபுரத்து நெசவாளரான நல்லி சின்னசாமி செட்டியார், 1928ஆம் ஆண்டில் சென்னைத் தியாகராய நகரில் சிறிய பட்டுக்கடை ஒன்றைத் தொடங்கினார். 1956இல் பொறுப்பேற்ற அவருடைய பேரர் நல்லி குப்புசாமி செட்டியார் அதனைப் பெருக்கினார். இன்று அந்நிறுவனத்துக்குச் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் கிளைகள் உள்ளன.

கடைக்குப் பெயர் தந்தது தறியே ஆகும். காஞ்சிச் சேலையின் உடலும் கரையும் தனித்தனி ஊடை கொண்டு கோர்வை முறையில் இணைத்து நெய்யப்படுகின்றன. இதற்கு நெசவாளருடன் துணையாளும் வேண்டும். முந்தானைக்கு வேறு நிறப் பாவு வேண்டுமாயின், இழைக்கு இழை பிணைத்துத் தொடர்கின்றனர். காஞ்சிபுரம் பட்டு 2005இல் புவிசார் குறியீட்டையும் பெற்றது.

ஆயினும், விசைத்தறிச் சேலையும் போலிச் சரிகையும் இப்பெயரால் விற்கப்படுமாயின் வாங்குவோரின் நம்பிக்கை குலையும். கடைக்காரர் வேறு சரக்கை விற்றுப் பிழைப்பார். தறியை மட்டும் நம்பியவர் யாது செய்வார்?

பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்தும், சரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. ஆகவே மல்பெரி பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்க்கும் நம் உழவருக்கும் இத்தொழிலில் இடமுண்டு. நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்குத் துணைநின்று, சரக்கின் தரத்தைக் காப்பதில் ஊராட்சி உறுப்பினர்கள் கருத்தூன்ற வேண்டும். தரம் நிலைத்தால் தறியும் நிலைக்கும்.