கைப்பிடி ரப்பர் ஏன் கழன்று வருகிறது?



போன மாசம் அப்பா வண்டிக்குச் சிவப்பு கலரில் புது கைப்பிடி ரப்பர் வாங்கி மாட்டினார். நாலாம் நாள் வேகத்தடையில் ஏறும்போது இடது ரப்பர் கையோடு வந்துவிட்டது. பின்னால் நானும் தம்பியும். விழவில்லை, ஆனால் தம்பி ஒரே அழுகை.

ரப்பரைப் பிடித்து வைப்பது உராய்வு விசைதான் (அறிவியலில் படித்தோமே!). சுலபமாக ஏறட்டும் என்று அப்பா உள்ளே எண்ணெய் தடவியிருக்கிறார். எண்ணெய் காயாது, உராய்வு போச்சு.

இன்னொரு ஆச்சரியம், இரண்டு ரப்பரும் ஒரே அளவு இல்லை! இடது ரப்பர் நேராக 22 மி.மீ. குழாய் மேல் ஏறுகிறது. வலது ரப்பர் ஆக்ஸிலேட்டரின் பிளாஸ்டிக் குழாய் மேல் ஏறுவதால் அதன் ஓட்டை பெரிசு. மாத்திப் போட்டால் இடது பக்கம் லொடலொடதான்.

மெக்கானிக் மாமா செய்ததைக் கூடவே நின்று பார்த்தேன். குழாயைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்தார். நன்றாகக் காய்ந்த பிறகு பசை தடவி ஒரே மூச்சில் திருகித் தள்ளினார். பாதியில் நின்றால் அங்கேயே ஒட்டிக்கொள்ளுமாம். மேலே மெல்லிய கம்பி சுற்றி முறுக்கி, முனையை உள்ளங்கை படாத பக்கம் ரப்பருக்குள் மடக்கிக் குத்தினார். ராத்திரி முழுக்க வண்டியை எடுக்க விடவில்லை.

வலது பக்கம்தான் பயம். பசை பிளாஸ்டிக் குழாய்க்குள் போனாலோ, ரப்பர் பக்கத்து சுவிட்ச் பெட்டியில் உரசினாலோ ஆக்ஸிலேட்டர் தானாகத் திரும்பாது. கையை எடுத்தாலும் வண்டி ஓடும்! இஞ்சினை நிறுத்தி, ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் திருப்பி, முறுக்கி விட்டுப் பார்க்கணும். 'டப்'பென்று திரும்ப வேண்டும்.

இப்போது வண்டி கிளம்பும் முன் தம்பிதான் இரண்டு ரப்பரையும் இழுத்துப் பார்க்கிறான்.

– 9-ஆம் வகுப்பு மாணவி